மீன் தெரியாத கை

வரதராஜன் சார், நீங்கள் எழுதியது பொய். தவறு என்று சொல்லமாட்டேன். தெரியாமல் செய்தால்தான் தவறு. நீங்கள் அந்தக் கப்பலின் டெக்கில் நின்றீர்கள், எல்லாவற்றையும் பார்த்தீர்கள், பார்த்ததற்கு மாறாக எழுதியிருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரதராஜன் சார் எங்கள் மீன்வள ஆய்வுக் கப்பலில் விஞ்ஞானியாக இருந்தவர். பிறகு பெரிய பதவிக்குப் போய் ஓய்வு பெற்றார். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் அவர் சொல்வது இது: ஞானப்பிரகாசம் சார் கப்பலில் பொறுப்பு விஞ்ஞானியாக இருந்த வருடங்களில், வலையில் வந்த மீனிலிருந்து மாதிரி எடுக்கிற வேலைக்கு, மீன் பெயர்கூடத் தெரியாத தன் ஊர்ப் பக்கத்து ஆட்களைக் கொண்டுவந்து வைத்தார். மலையிலிருந்துகூட ஆள் பிடித்து வந்தார். ஆகையால் அந்த வருடங்களின் கணக்கை நம்ப முடியாது. கடலில் மீன் எப்படிக் கூடிக் குறைந்திருக்கிறது என்று பழைய கணக்குகளை எல்லாம் இப்போது ஒன்றாகத் தொகுக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் இந்த வருடங்களை விட்டுவிட வேண்டும். இப்படி எழுதியிருக்கிறார். தொகுக்கிறவர்களும் இவரிடம்தான் யோசனை கேட்கிறார்களாம்.

ஞானப்பிரகாசம் சார் இறந்துவிட்டார். பதில் சொல்ல வரமாட்டார். அந்த வருடங்களை எடுத்துவிட்டால், அந்த மனிதர் கடலில் கழித்த வாழ்க்கையில் ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் எழுதிய ஊர்ப் பக்கத்து ஆள் நான்தான். மலை ஆள் வெள்ளையன். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

சங்கச் செயலாளர் அடுத்த செய்தி இதழுக்காக என்னிடம், "இனிமையான நினைவா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க முனுசாமி" என்று கேட்டிருந்தார். இனிமையும் இதில் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்காது.

நான் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்காரன். கோமுகி அணையில் கெண்டை பார்த்ததோடு சரி. கடல் மீன் எங்களுக்குக் கருவாடாகத்தான் வந்து சேரும், அதுவும் தலையில்லாமல். கள்ளக்குறிச்சி கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமும் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்ததையே மறந்துபோன நேரத்தில், மெட்ராஸுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. கப்பலில் உதவியாளர் வேலை என்று போட்டிருந்தது. கரையில் நின்று கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிற வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நேர்காணலில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு தட்டு. தட்டில் ஐஸ் போட்டு இரண்டு மீன்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த குள்ளமான அதிகாரி, "இதுல ஒண்ணை எடுங்க" என்றார். எடுத்தேன்.

"ஏன் அதை எடுத்தீங்க?"

"இதுதாங்க கிட்ட இருந்துச்சு."

மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நான் எடுத்தது பேத்தை. வயிறு ஊதிக்கொள்ளும், விஷம், கடற்கரையில் நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடும். தட்டில் விட்டது வஞ்சிரம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். குள்ளமான அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அவர்தான் ஞானப்பிரகாசம் சார். அவருக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம் என்பதே நான் வேலைக்குச் சேர்ந்து வெகு நாள் கழித்து, கப்பல் சமையல்காரர் சொல்லித்தான் தெரியும். ஊர்ப் பாசத்தில் எடுத்தார் என்கிறீர்களே, அன்று அந்த அறையில் என் ஊரை யாரும் கேட்கவே இல்லை.

முதல் வருடம் வாந்தி எடுத்தேன், கயிறு இழுத்தேன், டெக் கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் சர்வே என்றால் என்ன என்று எழுதியாக வேண்டும். அது புரியாவிட்டால் இந்தச் சண்டை புரியாது.

மீன்பிடிக் கப்பல் மீன் இருக்கிற இடத்துக்குப் போகும். எங்கள் கப்பல் புள்ளி இருக்கிற இடத்துக்குப் போகும். ஆபீசில் கடல் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குலுக்கல் போட்டு, கட்டத்துக்குள் புள்ளி வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புள்ளியில் வலை போட வேண்டும். சொன்ன திசையில், சொன்ன வேகத்தில், சொன்ன நேரம் வரைக்கும் இழுக்க வேண்டும். மீன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஒன்றும் வரவில்லை என்றால், ஒன்றும் வரவில்லை என்று எழுத வேண்டும். அதுவும் கணக்குதான்.

எங்கள் போசன் அந்தோணி கடலூர்க் கரையில் பிறந்தவர். போசன் என்றால் டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர். அவருக்கு இது தாங்காது. "அங்க பாருங்க சார், பறவை விழுந்துகினு இருக்குது. அடியில மீனு கொதிக்குது. நீங்க இன்னாடான்னா இங்க சேத்துல போடச் சொல்றீங்க. நம்ம மேல கடலுக்கே வெறுப்பு வந்துரும்" என்பார். வெறும் வலை ஏறினால் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். செத்த வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்.

வலை ஏறுகிறபோது, கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் முனகும். முதலில் வலையின் வாயை அகட்டிப் பிடித்திருந்த பலகைகள் இரண்டும் வந்து கப்பலின் பின்பக்கத்தில் இடிக்கும். பிறகு வலை. கடைசியில் மீன் சேர்கிற மடி, தண்ணீர் வடிந்தபடி தலைக்கு மேல் தொங்கும். அந்தோணி அடிமுடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்ப்பார். மீன் கொட்டும்.

கொட்டியதும் யாரும் தொடக்கூடாது. சார் முதலில் அதைத்தான் சொல்லுவார். குழாய்த் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவுவோம். குவியல் சிறியதென்றால் முழுவதையும் அளப்போம். பெரியதென்றால் மண்வாரியால் நான்கு பக்கமும் புரட்டி, புரட்டி, மேலே இருப்பது கீழே போய்க் கீழே இருப்பது மேலே வரும்வரை கலக்கி, பிறகு சில கூடைகள் மட்டும் அள்ள வேண்டும். அந்தக் கூடைகள்தான் மாதிரி. அதை வைத்துத்தான் முழுக் குவியலின் கணக்கு. பிறகு மேஜையில் ரகம் பிரித்து, அளவுப் பலகையில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து நீளம் பார்த்து, சிலவற்றின் தலையைப் பிளந்து காதுக்கல் எடுப்பார்கள். மரத்தில் வளையம் பார்ப்பதுபோல அந்தக் கல்லில் வயது பார்க்கலாம்.

எல்லாமே அந்தக் கூடையில் இருக்கிறது. அள்ளுகிறவன் பொறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை பெரிய விஞ்ஞானி உட்கார்ந்து அளந்தாலும் பொய்தான் வரும்.

எனக்கு இது சீக்கிரம் புரிந்ததற்குக் காரணம் கமிட்டி. வியாபாரியின் ஆள் மூட்டையில் குத்தூசியைக் குத்தி இழுத்து, உள்ளே இருக்கிற நெல்லைக் கையில் கொட்டிப் பார்ப்பான். மூட்டைக்கு மேலாக யாராவது நல்ல நெல்லைப் போட்டு வைத்திருந்தால் அவனிடம் நடக்காது. இதைச் சாரிடம் சொன்னபோது, "அதேதான் முனுசாமி, நம்மகிட்ட குத்தூசிதான் இல்ல. கைதான் இருக்குது. அந்தக் கைதான் பிரச்சினை" என்றார்.

என்ன பிரச்சினை என்று ஒருநாள் டெக்கிலேயே காட்டினார். நல்ல மீன்பாடு வந்திருந்தது. நன்றாகப் புரட்டிய பிறகு, "அந்தோணி, நீங்க ஒரு கூடை அள்ளுங்க. முனுசாமி, நீங்க ஒரு கூடை" என்றார். அள்ளினோம். இரண்டையும் மேஜையில் பரப்பினார்கள். அந்தோணியின் கூடையில் நல்ல சங்கரா, நல்ல கிழங்கான், கையகல வவ்வால் மீன். என் கூடையில் காரப்பொடி என்கிற பொடிமீன், நசுங்கிய நண்டு, சோழி, விரல் நீளச் சங்கரா, பேத்தை. ஒரே குவியல். திரும்பவும் அள்ளச் சொன்னார். திரும்பவும் அப்படியே.

அந்தோணிக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தியமா நான் பொறுக்கல சார். கண்ணை அந்தப் பக்கம் வச்சுகினுதான் அள்ளினேன்."

"தெரியும் அந்தோணி. நீங்க பொறுக்கல. உங்க கை பொறுக்குது. சின்ன வயசுலேருந்து நல்ல மீனைத் தேடின கை. அதைக் குத்தம் சொல்ல முடியாது."

"அப்ப இவன் கை?"

"அந்தக் கைக்கு மீன் தெரியாது."

அன்றிலிருந்து மண்வாரி என்னுடையது. கப்பலில் இருந்தவரை அந்தோணி என்னை விடவில்லை. "மல்லாட்டை அள்ளுன கை வருது, வழி வுடுங்கப்பா" என்பார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. மீன் குழம்பு பரிமாறும்போது எனக்கு முள்ளை மட்டும் வைத்துவிட்டு, "உனக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே" என்பார். ஆனால் ஒருமுறை அலையில் கால் வழுக்கி நான் வலையோடு போகப் பார்த்தபோது, என் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துப் போட்டதும் அதே அந்தோணிதான். இழுத்துப் போட்டுவிட்டு, "போயிருந்தா சார் அழுதிருப்பாரு. வேற கைக்கு எங்க போவாரு" என்றார்.

வரதராஜன் சார், அந்தக் கூடைகளை மேஜையில் பரப்பியவர் நீங்கள். அளவைச் சத்தமாகப் படித்தவரும் நீங்கள். மீன் பெயர் தெரியாதவனை ஏன் வைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ரகம் பிரித்தது நாங்கள் அல்ல, நீங்களும் மற்ற விஞ்ஞானிகளும். நாங்கள் அள்ளினோம், அவ்வளவுதான். கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

ஞானப்பிரகாசம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் கடலில் இருந்தும் அவருக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாள் வாந்தி வரும். அதை மறைக்கமாட்டார். கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து, காலுக்கு அருகே ஒரு வாளியை வைத்துக்கொண்டு மீன் அளப்பார். நடுவில் குனிந்து வாளியில் எடுப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, "எந்த மீன்ல விட்டேன்?" என்பார். நாங்கள் சொல்லுவோம். அங்கிருந்து தொடருவார். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பார்த்தாலே தைரியம் வந்துவிடும்.

கோபம் வந்தால் கத்தமாட்டார். மரியாதை கூடிவிடும். சாதாரணமாக முனுசாமி. கோபம் என்றால் முனுசாமி ஐயா. அந்த "ஐயா" கேட்டால் டெக்கில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். ஒருமுறை எலிகூட நின்றது என்று சமையல்காரர் சொல்லுவார்.

நானும் ஒருநாள் அந்த ஐயாவைக் கேட்டேன். சில வருடங்கள் ஆகியிருந்தன. புரட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

"முனுசாமி ஐயா, மண்வாரியைக் கீழ வையுங்க."

வைத்தேன்.

"உங்க கைக்கு மீன் தெரிஞ்சுபோச்சு."

நான் இல்லை என்றேன். கூடையைக் கொட்டிக் காட்டினார். வஞ்சிரக் குஞ்சு ஒன்றுகூட விடாமல் உள்ளே வந்திருந்தது. பேத்தை ஒன்றும் இல்லை. எனக்கே தெரியாமல் மண்வாரி வளைந்திருக்கிறது. அளவுப் பலகைக்கு மாற்றினார். எனக்குத் தாங்கமுடியாத கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என் தட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கத்துகினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? பெருமைப்படத்தான் முடியும். ஆனா எனக்கு இன்னொரு கை வேணும். உங்க மலைப் பக்கம் மீனே தெரியாத ஊரு இருக்கும் இல்ல?"

அப்படித்தான் நீங்கள் எழுதிய "ஆள் பிடிப்பு" நடந்தது. லீவில் நான் ஊருக்கு வந்தபோது அவரும் வந்தார். என் வீட்டில் சாப்பிட்டார். என் சம்சாரம், கடலில் இருக்கிறவர் ஆயிற்றே என்று கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். அதையும் சாப்பிட்டுவிட்டு, முள்ளைப் பார்த்து இது எந்த ரகம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் வெள்ளிமலை பஸ் ஏறினோம். வளைவுகள் ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து தலையை வெளியே நீட்டிவிட்டார். கடலில் பழகாத வயிறு மலையிலும் பழகவில்லை. கண்டக்டர், "முதல் தடவையாங்க மலைக்கு வர்றது?" என்று கேட்டார். "கப்பல்ல வேலைங்க" என்று நான் சொன்னேன். கண்டக்டர் நம்பவில்லை.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில் எனக்குத் தெரிந்தவர் மூலமாக வெள்ளையனைப் பார்த்தோம். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி. அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. வேலைக்கு எங்காவது கீழே இறங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருந்தான். சார் ஒன்றையும் மறைக்கவில்லை. தினக்கூலி, நிரந்தரம் என்று சொல்ல முடியாது, சாப்பாடு உண்டு, வாந்தி வரும் என்றார்.

"இன்னா வேலைங்க?"

"மீன் அள்ளணும்."

"எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"அதனாலதான் வந்தோம்."

வெள்ளையன் என்னைப் பார்த்தான். "மீன் தெரியாதவன் வேணும்னா ஊரு மொத்தமும் வருங்களே. கப்பல்ல இடம் இருக்குதுங்களா?"

உள்ளேயிருந்து அவன் சம்சாரம் கேட்டாள். "தெரியாததுக்கா சம்பளம் குடுக்கறீங்க?"

"ஆமாங்க" என்றார் சார். "தெரிஞ்சுகினா வேற வேலைக்கு மாத்திடுவேன். இவரையே மாத்திட்டேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளையன் வந்தான். வாந்தியில் சாருக்குப் பக்கத்தில் ஒரு வாளி சேர்ந்தது. ஆனால் மண்வாரியைப் பிடித்தால் அவன் கை மாறாது. புரட்டுவான், அள்ளுவான், கூடையைப் பார்க்கவே மாட்டான். அந்தோணி அவனிடம் ஒரு வவ்வாலைக் காட்டி, "இது இன்னான்னு சொல்லு" என்று தினமும் கேட்பார். "சப்பையா இருக்குது அண்ணே" என்பான் அவன்.

இனி அந்தச் சங்கரா விவகாரம். உங்கள் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "கிடைத்த ஒரு பெரிய மீன்பாட்டையே அவர் கணக்கிலிருந்து அடித்தார்; இப்படிப்பட்ட மனம்போன போக்கில்தான் அந்த வருடங்கள் நடந்தன." இதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே இருந்தோம். சாருக்குக் காய்ச்சல். கீழே படுத்திருந்தார். பொறுப்பு உங்களிடம். புள்ளியில் வலையை இறக்கிவிட்டோம். நான் வின்ச் பக்கம் நின்றேன். தலைக்கு மேலே கப்பலை ஓட்டுகிற ஸ்கிப்பரின் அறை, ஜன்னல் திறந்திருந்தது. கடலின் அடியைக் காட்டுகிற மெஷினில் காகிதம் ஓடும். அடியில் மீன் கூட்டம் இருந்தால் கறுப்பாகத் தீற்றும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஸ்கிப்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கூட்டம் வலது பக்கம் போவுது. திருப்புங்க." நேரம் முடிந்தும் வலையை எடுக்கச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றீர்கள். அந்தோணிக்கு வாயெல்லாம் பல். "இப்பதான் நம்ம சார் மீனு புடிக்கவே கத்துகினாரு" என்றார்.

மடி ஏறும்போது வின்ச் திணறியது. முடிச்சை அவிழ்த்ததும் டெக் முழுக்கச் சங்கரா. செக்கச்செவேல் என்று முழங்கால் வரைக்கும். வேலையில் சேர்ந்த நாள் முதல் நான் அப்படிப் பார்த்ததில்லை. எல்லோரும் சிரிக்கிறோம். சத்தம் கேட்டுச் சார் போர்வையோடு மேலே வந்தார். அவர் முகமும் மலர்ந்தது. அதையும் எழுதுகிறேன். "அடேங்கப்பா" என்றார். பிறகுதான் கேட்டார்.

"எங்க இழுத்தீங்க?"

புள்ளியின் நம்பரைச் சொன்னீர்கள். சார் ஸ்கிப்பரைப் பார்த்தார். ஸ்கிப்பர் கடலைப் பார்த்தார். போர்வையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போய், காகிதத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"வரதராஜன் ஐயா."

சிரிப்பு நின்றது.

"புள்ளி ஒரு பக்கம் இருக்குது. வலை ஒரு பக்கம் விழுந்திருக்குது."

"மெஷின்ல மீன் மார்க் தெரிஞ்சுது சார், கொஞ்சம் தள்ளி. மீன் உண்மைதான சார்? இல்லாததை நாம ஒண்ணும் கொண்டுவரலயே."

"மீன் உண்மைதாங்க ஐயா. இடம்தான் பொய்."

"புது மீன்பிடி இடம்னு அறிவிக்கலாம் சார். நம்ம எல்லாருக்கும் பேரு."

சார் அந்தோணி பக்கம் திரும்பினார். "அந்தோணி, நம்ம அறிவிப்பை நம்பி உங்க ஊரு போட் அந்தப் புள்ளிக்கு வருதுன்னு வையுங்க. வலை போடறாங்க. இன்னா வரும்?"

சார் கப்பலைப் பழைய புள்ளிக்கே கொண்டுபோகச் சொன்னார். அந்தப் பாடு கணக்கில் சேராது, புள்ளியில் திரும்ப இழுக்க வேண்டும் என்றார். அப்போது அந்தோணிக்கு வந்தது கோபம்.

"நான் வின்ச்சைத் தொடமாட்டேன் சார். கடல் குடுத்ததை வேணாம்னு சொல்லிட்டு, சேத்தை எடுக்க என்னைக் கூப்புடாதீங்க."

சார் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே வின்ச்சுக்குப் போய் நின்றார். அந்தோணி அதைப் பார்த்தார். பிறகு போய், "தள்ளுங்க சார். நீங்க இதைத் தொட்டா அறுந்து வுழுற உங்க கையையும் சேத்து அளக்கவேண்டியிருக்கும்" என்று அவரை நகர்த்திவிட்டுப் பிடியைப் பிடித்தார்.

புள்ளியில் இழுத்தோம். சேறு வந்தது. கொஞ்சம் பேத்தை, நண்டு, அறுந்த செருப்பு ஒன்று. யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளையன் மட்டும் மண்வாரியை எடுத்து, சங்கராக் குவியலை எப்படிப் புரட்டியிருப்பானோ அப்படியே அந்தச் சேற்றை நான்கு பக்கமும் புரட்ட ஆரம்பித்தான்.

"அது சேறுடா" என்றார் அந்தோணி.

"இது கம்மியா இருக்குது அண்ணே, சீக்கிரம் முடிஞ்சுரும்" என்றான் அவன். அப்போதுதான் ஒருவர் சிரித்தார். அது சார்.

அன்று சார் உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது, அந்தோணிக்கும் கேட்டது. "நான் படுத்துட்டதால தப்பு நடந்துதுன்னு ஆபீசுக்கு எழுதறேன். உங்க பேரு வராது. நீங்க சின்னவரு. ஆனா இனிமே புள்ளியை விட்டு நகராதீங்க." அப்படியே செய்தார். விளக்கம் கேட்டபோது அவர்தான் போய் நின்றார். உங்கள் பெயரில் கறை விழவில்லை. நீங்கள் மேலே போனீர்கள். போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கெட்டிக்காரர் நீங்கள். ரகம் பிரிப்பதில் உங்கள் கண்ணுக்கு ஈடு யாரும் இல்லை. புயல் சமயத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் எங்களோடு கயிறு இழுத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஆறவில்லை. வேறொருவர் எழுதியிருந்தால் விவரம் கெட்டவர் என்று விட்டிருப்பேன்.

சார் மாற்றலாகிப் போன பிறகு பொறுப்பு உங்களுக்கு வந்தது. வெள்ளையனை நிறுத்தினீர்கள். அனுபவம் உள்ள மீனவர்கள் கையில் மண்வாரியைக் கொடுத்தீர்கள். உங்கள் வருடங்களில் மீன் பெரிதாகிவிட்டது என்று கணக்கு சொல்கிறது. மீன் பெரிதாகவில்லை சார். கை மாறியது. இப்போது ஞானப்பிரகாசம் சாரின் வருடங்களை எடுத்துவிட்டால், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. உங்கள் கணக்கு மட்டும் தனியாக நிற்கும். இதற்காகத்தான் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலரை எடுத்துக்கொண்டு போன வாரம் மலைக்குப் போய் வெள்ளையனைப் பார்த்தேன். அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான். உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அந்த சாரு நல்லவருதான் அண்ணே. எனக்குக் குளுருக்கு ஸ்வெட்டர் குடுத்தாரு. இன்னாத்துக்கு இப்படி எழுதியிருக்காரு?"

"தெரியலடா."

"தெரியலன்னா அவரையே கேளுங்க."

கேட்கிறேன். அவனுக்காகவும், போய்விட்ட ஒருவருக்காகவும், அந்தோணிக்காகவும் கேட்கிறேன். அந்தோணி காது மந்தமாகிக் கடலூரில் இருக்கிறார். இதை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டினால் போதும், சாட்சிக்கு வந்து நிற்பார்.

வரதராஜன் சார், எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். "முனுசாமி, வயசான காலத்துல நமக்குள்ள எதுக்கு" என்று சமாதானம் பேச ஆள் அனுப்ப வேண்டாம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வருகிறது. தொகுக்கிற அதிகாரிகளையும் செயலாளர் அழைத்திருக்கிறார். மேடையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அதிலிருந்து எழுந்து, மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள்: அன்று கப்பலைத் திருப்பச் சொன்னது யார்? வலை எங்கே விழுந்தது? பழி யார் தலையில் போனது? சொல்லி முடித்த பிறகு, அந்த வருடங்களை எடுத்துவிடுங்கள் என்று அதே மைக்கில் உங்களால் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.